அம்மாவுக்கு டைவர்ட்டிகுலைட்டிஸ், உள்ளே சீழ்க்கட்டி: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

#1 ஸ்ரீரங்கத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 66 வயசு. சுகர் உண்டு, மாத்திரையில்தான் ஓடுகிறது. போன வாரம் இடது அடிவயிற்றில் வலி. வாயுப்பிடிப்பு என்று தெருமுனை மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஜுரம் 102 தாண்டிய பிறகுதான் எங்களிடம் வாய் திறந்தார்.

சி.டி. எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் உள்ளதைத் தமிழில் தருகிறேன்: பெருங்குடலின் கடைசி வளைவில் (சிக்மாய்டு) நிறைய டைவர்ட்டிகுலா (குடல் சுவரில் பிதுங்கிய சிறு பைகள்), சுவர் தடித்திருக்கிறது, குடலை ஒட்டி 4.6 செ.மீ. சீழ்க்கட்டி, வயிற்றுக்குள் வெளிக்காற்று (குடலிலிருந்து கசிந்த காற்று) இல்லை. கீழே "காம்ப்ளிகேட்டட் டைவர்ட்டிகுலைட்டிஸ்", அதாவது அந்தப் பைகளின் அழற்சி சிக்கலாகிவிட்டது என்று முடித்திருக்கிறார்கள்.

இந்த ஆஸ்பத்திரி சர்ஜன், அந்தக் குடல் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், மலம் போக வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம், சில மாதம் கழித்து மறுபடி சேர்த்துவிடலாம் என்கிறார். ரிப்போர்ட்டை வேறொரு கேஸ்ட்ரோ டாக்டரிடம் காட்டினோம். முதலில் ட்யூப் போட்டு சீழை எடுத்துப் பார்க்கலாம், அவசரம் வேண்டாம் என்கிறார். பெரிய மாமா "ஒரேயடியா முடிச்சிடுங்க" கட்சி. அப்பா பேசவே மாட்டேன் என்கிறார். நேற்றிலிருந்து ஆன்டிபயாடிக் டிரிப்ஸ் போகிறது. யாருக்காவது இதில் அனுபவம் உண்டா?

#2 பழையசோறு

முதல்ல இதைச் சொல்லுங்க. வயிறு கல்லு மாதிரி இறுகியிருக்கா, தொட்டா துடிக்கிறாங்களா? பல்ஸ், பி.பி. எவ்வளவு?

#3 ஸ்ரீரங்கத்துக்காரி

வயிறு மெதுவாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் அழுத்தினால் மட்டும் வலிக்கிறது என்கிறார். பி.பி. 130/80. பல்ஸ் வந்தபோது 110, இப்போது 92. இன்று காலை ஜுரம் 99.8. வாந்தி இல்லை, காற்றுப் பிரிகிறது.

#4 ஓய்வுபெற்ற_கத்தி

அம்மிணி, நான் கோயமுத்தூர்ல முப்பது வருசத்துக்கு மேல வயிறு அறுத்தவனுங்க. இப்போ சும்மா இருக்கேன், அதனால நீளமா எழுதுவேன். உங்கம்மாவைப் பார்க்காம உங்க டாக்டருக்கு மேல நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனா எந்தக் கேள்வியை அவர்கிட்ட கேட்கணும்னு சொல்ல முடியும்.

டைவர்ட்டிகுலான்னா என்ன? குடல் சுவருக்கு ரத்தம் கொண்டுவர்ற சின்னக் குழாய்கள் தசையைத் துளைச்சுக்கிட்டு உள்ளே போகும். அந்த இடங்கள் பலவீனமானவை. உள்ளே அழுத்தம் கூடக்கூட, கிழிஞ்ச டயர் வழியா சைக்கிள் ட்யூப் புடைக்கிற மாதிரி உட்சுவர் வெளியே பிதுங்குது. வயசானா இது ரொம்ப சாதாரணம். பெரும்பாலானவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாம வாழ்ந்துட்டுப் போயிடுவாங்க. அதுல ஒண்ணு அழற்சியாகி, நுண்ணிய ஓட்டை விழுந்து, உடம்பு அதைச் சுத்திக் கொழுப்பால மூடி அடைச்சா, உள்ளே சீழ்க்கட்டி. உங்கம்மாவுக்கு நடந்தது இது.

"காம்ப்ளிகேட்டட்"னு போட்டுட்டாலே தியேட்டருக்குத் தள்ளணும்னு இல்லைங்க. சீழ்க்கட்டி, வயிறு முழுக்கப் பரவின ஓட்டை, மூத்திரப்பைக்கு வழி திறந்துக்கிறது, குடல் சுருங்கி அடைக்கிறது, ரத்தப்போக்கு, எல்லாமே அந்த ஒரே தலைப்புல வந்துடும். வைத்தியம் ஒவ்வொண்ணுக்கும் வேற. 1978-ல ஹின்ச்சின்னு ஒருத்தர் பிரிச்ச முறையைத்தான் இன்னமும் பேசறோம்: குடலை ஒட்டின கட்டி ஒண்ணு, இடுப்புக்குழிக்கு இறங்கின கட்டி ரெண்டு, வயிறு முழுக்க சீழ் மூணு, வயிறு முழுக்க மலம் நாலு. மூணும் நாலும்னா ஆபரேஷன் பேச்சைத் தட்ட முடியாது. ஒண்ணும் ரெண்டும்னா, நோயாளி திடமா இருக்கறப்போ, கத்தி இல்லாமத்தான் முதல்ல பார்க்கணும். நீங்க எழுதினதை வெச்சுப் பார்த்தா அம்மா முதல் படி.

கட்டியோட அளவும் முக்கியம். 3 செ.மீ.க்குக் கீழேன்னா ஆன்டிபயாடிக் மட்டுமே பெரும்பாலும் கரைச்சிடும். அதுக்கு மேல போனா, ஊசி போக வழி இருந்தா, ட்யூப். சில வழிகாட்டிகள் 4, 5 செ.மீ. வரைக்கும் மருந்தை மட்டும் வெச்சுப் பார்க்கலாம்னு சொல்லுது. 4.6-க்கு ட்யூப் கேட்கிற கேஸ்ட்ரோ டாக்டர் ஊர் வழக்கத்தைத்தான் சொல்றார், புதுசா எதுவும் சொல்லலை.

எங்க ஆளுங்களைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். கொதிச்சுக்கிட்டிருக்கிற வயித்துக்குள்ளே போய்க் குடலை வெட்டினா, தையல் பிடிக்குமான்னு எங்களுக்கே நம்பிக்கை இருக்காது. அதனாலதான் பை. ஹார்ட்மன் ஆபரேஷன்னு பேரு, 1921-ல பிரான்ஸ்ல மலக்குடல் புற்றுநோய்க்காக அந்த மனுசன் சொன்னது. "சில மாசத்துல சேர்த்துடலாம்"னு எல்லாருக்கும் சொல்லுவோம். வயசானவங்கள்ல நிறையப் பேருக்கு அந்த ரெண்டாவது ஆபரேஷன் நடக்கிறதே இல்லை. பை அப்படியே நிலைச்சுடும். சீழை வெளியேத்தி, அடங்கின பிறகு, தேவைன்னாத் தேதி குறிச்சு லேப்ராஸ்கோப்பில செஞ்சா, அதே கையில குடலைச் சேர்த்துட முடியும். ட்யூப் போட்டவங்கள்ல பாதிப் பேருக்காவது அவசர ஆபரேஷன் தப்புதுன்னு என் அனுபவத்துல சொல்லுவேன், அதுக்கு மேலயும் இருக்கும்.

டாக்டர்கிட்ட கேளுங்க: "இன்னைக்கே வெட்டணும்னு சொல்ல வைக்கிற எது அம்மாகிட்ட இருக்கு? ட்யூப் போட இந்த ஆஸ்பத்திரியில ஆள் இருக்கா?" ரெண்டாவது கேள்விக்குப் பதில் "இல்லை"ன்னு வந்தா, முதல் கேள்விக்கும் சேர்த்துப் பதில் கிடைச்ச மாதிரி.

#5 லண்டன்_வல்வெட்டி

தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. எனக்கு ரெண்டு வருசத்துக்கு முந்தி இதே இடத்திலதான். இங்க சர்ஜன்மார் தொடவே இல்லை. முதல் நாளே சொல்லிச்சினம், வயிறு மோசமானால் ஒழிய வெட்டமாட்டம் எண்டு. சி.டி. மெஷினுக்குள்ள படுக்க வச்சு, விறைக்கிற ஊசி போட்டு, ட்யூப்பை விட்டவை. என்ட கட்டி இடுப்புக்குழிக்குள்ள ஆழமா இருந்தபடியால் குண்டிப் பக்கத்தாலதான் விட்டவை. கேக்க ஒரு மாதிரித்தான், ஆனால் நோ பெரிசா இல்லை. இருக்கிறதுதான் கஷ்டம். ஒரு பக்கமாச் சரிஞ்சு இருந்து பழகிப்போச்சு.

பச்சையும் மண்ணிறமுமா வந்தது, மணம் சொல்ல ஏலாது. ஆனால் அண்டு இரவே காய்ச்சல் விட்டுது. வீட்டையே ட்யூப்போட அனுப்பிச்சினம், தாதி வந்து கழுவி விடுறவ.

#6 ரேடியாலஜி_மணி

ட்யூப் போடற டிபார்ட்மென்ட்லதான் வேலை பார்க்கறேன் (டாக்டர் இல்லை, டெக்னீஷியன்). வீட்டுக்காரங்க முன்கூட்டியே தெரிஞ்சுக்க வேண்டியது:

ரத்தம் உறையற டெஸ்ட்டும் பிளேட்லெட்டும் பார்க்காம யாரும் ஊசி எடுக்க மாட்டாங்க. அம்மா ரத்தத்தை நீர்த்துப்போக வைக்கிற மாத்திரை எதாவது சாப்பிட்டா இப்பவே சொல்லிடுங்க, கடைசி நிமிஷத்துல சொன்னா தள்ளிப்போகும். கான்ட்ராஸ்ட் ஊசியோட சி.டி. எடுத்திருந்தா கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) பார்த்துட்டுத்தான் மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணுமான்னு முடிவு செய்வாங்க. சுகர் பேஷன்ட்னு சொன்னதால எழுதறேன்.

ட்யூப்போட நுனி பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கும், அதனால பிக்டெயில்னு பேரு. இழுத்தா சட்டுனு வராம இருக்கத்தான் அந்தச் சுருள். முதல்ல வர்ற சீழைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும்னு பார்க்கற டெஸ்ட்) அனுப்பச் சொல்லுங்க. நம்ம ஊர்ல இது ரொம்ப முக்கியம். சிப்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஈ.கோலை (குடல் பாக்டீரியா) இங்கே ஏராளம். கல்ச்சர் வந்ததும் மருந்து மாறினாலும் மாறும்.

அப்புறம் தினமும் உப்புத்தண்ணி கொஞ்சம் ஊசியில ஏத்தி ட்யூப்பைக் கழுவணும், இல்லைன்னா அடைச்சுக்கும். பையில எவ்வளவு வந்துதுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, கழுவ ஏத்தின தண்ணியைக் கழிச்சுட்டு எழுதணும். நிறையப் பேர் இதைச் செய்யறதில்லை, கணக்கு குழம்பிடும். ஒரு நாளைக்கு 10, 20 மில்லிக்குக் கீழே இறங்கி, ஜுரமும் இல்லைன்னா எடுப்பாங்க. எடுக்கறதுக்கு முன்னாடி ட்யூப் வழியா சாயம் ஏத்திப் படம் எடுக்கற வழக்கம் உண்டு, குடலுக்கும் கட்டிக்கும் இன்னும் வழி இருக்கான்னு பார்க்க. சீழ் நின்னு மலம் மாதிரி வர ஆரம்பிச்சா உடனே போன் பண்ணுங்க.

#7 மூலிகைமுத்து

சகோதரி, குடலில் தங்கிய அழுக்குதான் சகல நோய்க்கும் மூலம். வெறும் வயிற்றில் விளக்கெண்ணெய் இரண்டு ஸ்பூன் கொடுத்து பேதியாக்கி, அல்லது எனிமா கொடுத்துச் சுத்தம் செய்தால் கட்டி கரையும். எங்கள் தாத்தா காலத்தில் சி.டி. எல்லாம் இல்லை.

#8 ஓய்வுபெற்ற_கத்தி

கொடுத்துடாதீங்க. இதுல நான் பணிவாப் பேசப் போறதில்லை. ஓட்டை விழுந்து, மெல்லிசா ஒரு சவ்வு மூடிக் காப்பாத்திட்டு இருக்கிற குடலை பேதி மருந்து கொடுத்து முறுக்கினாலோ, எனிமாவால அழுத்தம் ஏத்தினாலோ, அந்த மூடி பிச்சுக்கும். ஒண்ணாம் படியில இருக்கிறவங்க ஒரே ராத்திரியில நாலாம் படிக்குப் போயிடுவாங்க. இதே காரணத்துக்காகத்தான் கொதிக்கிற நேரத்துல கொலோனோஸ்கோப்பியும் (பெருங்குடலுக்குள்ள கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிறது) செய்யறதில்லை, ஆறு எட்டு வாரம் பொறுக்கிறோம். தாத்தா காலத்துல சி.டி. இல்லை, சரிங்க. "திடீர்னு வயித்துவலி வந்து போயிட்டார்"னு சொல்ற சாவுகள் இருந்துதே, அதுல எத்தனை இதுன்னு யார் கண்டது?

#9 மட்டுறுத்துநர்

#7 நீக்கப்படவில்லை, #8 பதிலாக இருப்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். தீவிர வலியில் இருப்பவருக்கு வீட்டு மருந்து சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும்.

#10 நெல்லை_அண்ணாச்சி

எல்லாரும் கூடி ட்யூப்பு ட்யூப்புன்னு சொல்லுதீய. என் மச்சினனுக்கு அப்படித்தான் மருந்துலயே ஓட்டினாவ. ஒரு வருசத்துல மறுபடியும் வலி, அடுத்து மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அட்மிசன், லீவு, துட்டு. கடைசில வெட்டித்தான் எடுத்தாவ. இப்பம் ஜம்முனு இருக்கான், பரோட்டா திங்கான். முதல்லயே வெட்டியிருந்தா அவ்வளவு அலைச்சல் இல்லைலா? தாயி, ஒங்க மாமா சொல்லுததையும் கொஞ்சம் யோசிங்க. ரெண்டு தடவ வந்தா வெட்டணும்னு டாக்டரே சொல்லிக் கேட்டிருக்கேன்.

#11 உப்சாலா_வாசி

அண்ணாச்சி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் "இரண்டு தடவை வந்தால் வெட்டு" என்ற விதியைக் கைவிட்டுப் பல வருடமாகிறது. முன்பு அமெரிக்க சர்ஜன் சங்கங்களே அப்படித்தான் எழுதி வைத்திருந்தன, 2006-க்குப் பிறகு ஆளுக்கு ஆள் பார்த்து முடிவு செய் என்று மாற்றிவிட்டார்கள். காரணம் எளிது. குடல் உடைந்து வயிறு முழுக்கப் பரவும் ஆபத்து முதல் தாக்குதலில்தான் அதிகம். பின்னால் வருகிறவை தொந்தரவு, ஆனால் உயிருக்கு வைக்கும் ஆபத்து கூடிக்கொண்டே போவதில்லை. அடுத்த முறை வெடித்துவிடும் என்று பயமுறுத்தி வெட்டுவதற்கு ஆதாரம் போதாது.

மச்சினர் கதைக்கும் ஆதாரம் இருக்கிறது. நெதர்லாந்தில் திரும்பத் திரும்ப வருகிறவர்களையும் வலி விடாதவர்களையும் 109 பேர் சேர்த்து, பாதிக்கு ஆபரேஷன், பாதிக்கு மருந்து என்று சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்தார்கள் (டைரக்ட் சோதனை). வாழ்க்கை நிம்மதி ஆபரேஷன் பக்கம்தான் கூடுதல். மருந்துப் பக்கம் போனவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் ஐந்து வருடத்துக்குள் ஆபரேஷனுக்கே வந்து சேர்ந்தார்கள். ஆனால் வெட்டியவர்களில் சிலருக்குத் தையல் கசிந்ததும் அதே சோதனையில்தான் பதிவாகியிருக்கிறது. இதெல்லாம் நோய் அடங்கிய பின் நிதானமாகச் செய்த ஆபரேஷன். ஜுரத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அதை எடுத்துப் போட முடியாது.

#12 நெல்லை_அண்ணாச்சி

சரிதான். அவனும் வலி எல்லாம் அடங்கின பொறவுதான் செஞ்சான். பை வைக்கல.

#13 பழையசோறு

உப்சாலா, உங்க ஊர்ல இதுக்கு ஆன்டிபயாடிக்கே கொடுக்கறதில்லைன்னு எங்கேயோ படிச்சேன். இங்கே மூணு ஆன்டிபயாடிக் ஒண்ணா ஓடுது. யார் சொல்றது சரி?

#14 உப்சாலா_வாசி

இரண்டுமே சரியாக இருக்கலாம், ஆள் வேறு. 2012-ல் ஸ்வீடனும் ஐஸ்லாந்தும் சேர்ந்து 623 பேரை வைத்துச் சோதித்தார்கள். கட்டி இல்லை, ஓட்டை இல்லை, சி.டி.யில் அழற்சி மட்டும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் குணமாகும் வேகத்திலோ பின்விளைவிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிறகு டச்சுக்காரர்கள் 528 பேரில் பார்த்தார்கள், 2021-ல் ஸ்பெயினில் 480 பேரை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். அதே கதை. அதனால் இங்கே மிதமான தாக்குதல் என்றால் பாரசிட்டமால், நீராகாரம், இரண்டு நாளில் மறுபடி வா, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். கட்டி உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், கீமோவில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் யாரும் இந்த முடிவுக்குள் வரமாட்டார்கள். ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம்.

#15 ஓய்வுபெற்ற_கத்தி

ஸ்டீராய்டு பத்தித் தம்பி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ அதைத் தினமும் முழுங்கறவங்களுக்குக் குடல் உடைஞ்சாலும் வயிறு இறுகாது, ஜுரமும் சரியாக் காட்டாது. சும்மா சோர்வா இருக்குன்னு உட்கார்ந்திருப்பாங்க. அவங்களை மட்டும் "வயிறு மெதுவாத்தானே இருக்கு"ன்னு வீட்ல வெச்சுக்கிட்டு இருக்காதீங்க.

வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையறா இந்த நோய்க்கு ஆகாது. ஓட்டை விழறதுக்கும் ரத்தம் போறதுக்கும் அது வழி பண்ணும். அம்மாவோட கைப்பையை ஒரு தடவை சோதிச்சுடுங்க அம்மிணி. எல்லா அம்மாக்களும் ஒரு பட்டை வெச்சிருப்பாங்க. வலிச்சா பாரசிட்டமால்.

#16 ஸ்ரீரங்கத்துக்காரி

இருந்தது. இரண்டு பட்டை.

டாக்டரிடம் அந்த இரண்டு கேள்வியையும் கேட்டேன். முதலில் கொஞ்சம் முகம் மாறினார், பிறகு உட்காரவைத்துப் பேசினார். இன்றே வெட்ட வேண்டிய நிலைமை இல்லை என்று அவரே சொன்னார். இங்கே ட்யூப் போடும் வசதி வாரத்தில் சில நாள்தான், அதற்குள் மோசமானால் என்ன செய்வது என்ற கவலையில் சொன்னேன் என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவரே கடிதம் கொடுத்து, வசதி உள்ள இடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே அதே சர்ஜரி டீம் பக்கத்தில் இருக்கும், 48 முதல் 72 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் ஆபரேஷன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

மாமா கோபித்துக்கொண்டிருக்கிறார். இதற்கிடையில் யாருமே அம்மாவிடம் கேட்கவில்லை என்று நேற்று ராத்திரி உறைத்தது. கேட்டேன். "பை வெச்சுக்கிட்டு நான் பெருமாளைச் சேவிக்க எப்படிப் போவேன், குழாயே போடச் சொல்லு" என்றார். முடிந்தது பஞ்சாயத்து.

#17 லண்டன்_வல்வெட்டி

பை வச்சுக்கொண்டு கோயிலுக்குப் போறவையும் இருக்கினம் தங்கச்சி. என்ட அக்கா தேருக்கே வந்தவ. அது தேவைப்பட்டால் அதுவும் ஒரு வழிதான் எண்டு அம்மாவுக்கு மெதுவாச் சொல்லி வையுங்கோ, பிறகு இடிஞ்சு போகாமல் இருக்க. ஆனால் இப்ப குழாய்தான் சரி.

#18 சேலத்து_மாம்பழம்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு (71) வலியே இல்லாமல் திடீரென்று மலத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம், நிறைய. டைவர்ட்டிகுலர் ப்ளீடிங் என்றார்கள். இதய ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். ரத்தத்தை நிறுத்த ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பிரினை நிறுத்திவிட்டார்கள். குடலை எடுக்க வேண்டி வருமா?

#19 ஓய்வுபெற்ற_கத்தி

தனி இழை போட்டிருக்கலாம், ஆனா ரத்தம் போறப்போ இழை தேடிட்டிருக்க முடியாது. கேளுங்க.

அழற்சியும் ரத்தப்போக்கும் ஒரே பையிலிருந்து வந்தாலும், ஒண்ணா வர்றது அபூர்வம். வலியில்லாம ரத்தம் கொட்டறதுதான் இதோட குணம். நாலுல மூணு பேருக்குத் தானா நின்னுடும். முதல் வேலை ரத்தத்தையும் திரவத்தையும் ஈடு கட்டறது. நிலைமை தேறினதும் குடலைச் சுத்தம் செஞ்சு கொலோனோஸ்கோப்பி. இங்கே பேதி மருந்து கொடுக்கலாம், ஏன்னா சீழும் இல்லை ஓட்டையும் இல்லை. மூலிகைமுத்து தம்பி கவனிக்கணும். ரத்தம் வர்ற பையைக் கண்டுபிடிச்சா கிளிப் போட்டோ ரப்பர் வளையம் மாட்டியோ அங்கேயே நிறுத்திடலாம். வளையம் மாட்டறதுல ஜப்பான்காரங்க கை தேர்ந்தவங்க. அவங்க ஊர்ல இந்தப் பைகள் வலது பக்கக் குடல்ல அதிகம், அங்கே ரத்தப்போக்குத் தொல்லையும் அதிகம். ஒரு காலத்துல பேரியத்தை (எக்ஸ்ரேக்குக் கொடுக்கிற வெள்ளை மருந்து) எனிமாவா ஏத்திப் பைகளை அடைச்சுக்கூட மறுபடி ரத்தம் வராமப் பார்த்தாங்க.

ரத்தம் வேகமாப் போயிட்டே இருந்தா ரத்தக்குழாய் சி.டி. எடுத்து, எங்கே கசியுதுன்னு பார்த்து, தொடை வழியா நுண்குழாய் விட்டு அந்த ஒரு கிளையை மட்டும் சின்னச் சுருள் கம்பியால அடைப்பாங்க. அந்தத் துண்டுக் குடலுக்கு ரத்தம் குறைஞ்சு அழுகற அபாயம் கொஞ்சம் உண்டு, அதனால ரெண்டு நாள் வயித்தைக் கவனிச்சுக்கிட்டே இருப்பாங்க. இதெல்லாம் தோத்த பிறகுதான் கத்தி.

இப்போ ஊசி விசயம். ட்ரானெக்ஸாமிக் ஆசிட் நம்ம நாட்டுல ரத்தம்னாலே கைவைக்கிற மருந்து. 2020-ல ஹால்ட்-இட்னு 12,000 பேருக்கு மேல வெச்சு நடத்தின சோதனையில, இரைப்பை குடல் ரத்தப்போக்குல அது உயிரைக் காப்பாத்தலை, சிரைகள்ல ரத்தம் உறையறதைத்தான் கூட்டுச்சு. ஸ்டென்ட் வெச்சவருக்கு இது ஏன் வேணும்னு மரியாதையா ஒரு தடவை கேளுங்க. ஆஸ்பிரின்: இதயநோய் வந்து ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு அதை நிறுத்தாம இருக்கிறது, நிறுத்தினாலும் சீக்கிரம் தொடங்கறதுதான் இப்போதைய நடைமுறை. உங்க இதய டாக்டர் இன்னைக்கே இந்தப் பேச்சுல இருக்கணும். நாளைக்கு இல்லை.

#20 சேலத்து_மாம்பழம்

நன்றி சார். இதய டாக்டரிடம் பேசினோம், ஆஸ்பிரின் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். ரத்தம் நின்றிருக்கிறது. நாளை கொலோனோஸ்கோப்பி.

#21 பெயர்_வேண்டாம்

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. டைவர்ட்டிகுலைட்டிஸ் வந்து போன பிறகு எனக்குச் சிறுநீர் போகும்போது காற்றும் சேர்ந்து வருகிறது, குமிழ் குமிழாக. யூரின் இன்ஃபெக்‌ஷன் திரும்பத் திரும்ப வருகிறது. ஆண், 58.

#22 ஓய்வுபெற்ற_கத்தி

கூச்சப்படாதீங்க, இதைச் சொல்லாம வருசக்கணக்கா யூரின் ஆன்டிபயாடிக் முழுங்கினவங்களைப் பார்த்திருக்கேன். குடலுக்கும் மூத்திரப்பைக்கும் நடுவுல வழி திறந்திருக்கலாம். ஆம்பளைங்களுக்கும், கர்ப்பப்பை எடுத்த பொம்பளைங்களுக்கும் இது அதிகம், நடுவுல தடுப்பா ஒண்ணும் இல்லாததால. சி.டி.யில மூத்திரப்பைக்குள்ள காற்று தெரியும். இந்த இழையோட தலைப்புக்கு விரோதமாத்தான் சொல்லணும்: இது மருந்துல மூடறது அபூர்வம். 58 வயசுல உடம்பு திடமா இருந்தா நிதானமா ஆபரேஷன் செஞ்சுக்கறதுதான் வழி. மயக்க மருந்தே தாங்காத வயசாளிகளுக்கு மட்டும் ஆன்டிபயாடிக்ல ஓட்டுவோம். அதேமாதிரி குடல் சுருங்கி அடைச்சுக்கிட்டாலும், குடலுக்குள்ள ஸ்டென்ட் (வலைக்குழாய்) வெச்சுச் சமாளிக்கறது இந்த நோய்ல நம்பிக்கையில்லாத வேலை, ஓட்டை விழுந்துடும். உள்ளே புற்று ஒளிஞ்சிருக்கான்னும் பார்க்கணும்.

#23 ஸ்ரீரங்கத்துக்காரி

ட்யூப் போட்டாச்சு. வயிற்றின் முன்பக்கம் வழியாகவே போய்விட்டது. முதல் நாள் பெரிய டம்ளர் அளவுக்குச் சீழ். இரண்டு நாளில் ஜுரம் சுத்தமாக இல்லை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 180-லிருந்து பாதிக்குக் கீழே வந்திருக்கிறது. மணி சார் சொன்னபடி கழுவும் தண்ணீரைக் கழித்து நோட்டில் எழுதுகிறேன், நர்ஸ் பார்த்துவிட்டு மற்ற பேஷன்ட்டுக்கும் இப்படி எழுதச் சொன்னார். கல்ச்சரில் சிப்ரோ வேலை செய்யாது என்று வந்து மருந்தை மாற்றினார்கள்.

இப்போது வீட்டில் அடுத்த சண்டை: சாப்பாடு. அத்தை, கொய்யா, தக்காளி, கத்திரிக்காய், வெண்டை, எள்ளு எல்லாம் ஜன்மத்துக்கும் கூடாது, விதை போய்ப் பையில் மாட்டிக்கொள்ளும் என்கிறார். அம்மாவுக்குக் கத்திரிக்காய் இல்லாமல் சாப்பாடே இல்லை.

#24 உப்சாலா_வாசி

அத்தை சொல்வதை டாக்டர்களே பல பத்தாண்டு சொன்னார்கள், அவரைக் குறைசொல்ல முடியாது. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 47,228 ஆண்களை 18 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். கொட்டைகளும் சோளப்பொரியும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு டைவர்ட்டிகுலைட்டிஸ் கூடவில்லை, குறைந்தே இருந்தது. விதைக்குப் பயந்து காய்கறியைக் குறைத்தால் நார்ச்சத்துதான் போகும். கத்திரிக்காய் தாராளமாக. சிவப்பு இறைச்சி, புகை, உடல் எடை, உட்கார்ந்தே இருப்பது, இவைதான் கணக்கில் வருகிறவை. குடும்பவாகும் உண்டு, இரட்டையர்களை வைத்துச் செய்த ஸ்வீடிஷ் ஆய்வில் ஆபத்தில் சுமார் 40 சதவீதம் பரம்பரை என்று வந்தது. ஆக, நீங்களும் நார்ச்சத்து சாப்பிடுங்கள்.

#25 பழையசோறு

கத்திரிக்காய் நாளைக்கே இல்லை சாமி! ட்யூப் இருக்கற வரைக்கும் கஞ்சித்தண்ணி, மோர், ரசம், குழைஞ்ச சாதம், இட்லின்னு ஏறி வரணும். நார்ச்சத்து எல்லாம் அடங்கின பிறகு, அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. எடுத்தவுடனே இசப்கோல் ரெண்டு ஸ்பூன் போட்டா வயிறு ஊதிக்கிட்டு அது வேற பயம்.

#26 ஸ்ரீரங்கத்துக்காரி

ட்யூப் எடுத்தாச்சு. எடுக்கும் முன் சாயம் விட்டுப் பார்த்தார்கள், குடலுக்கு வழி இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டோம். எட்டு வாரம் கழித்து கொலோனோஸ்கோப்பி. திரும்ப வராமல் இருக்க மெசலமைன் என்ற குடல் அழற்சி மருந்து எழுதித் தந்திருக்கிறார்கள், விலை ஏகத்துக்கு இருக்கிறது. தேவையா? பிறகு தேதி குறித்து ஆபரேஷன் செய்துகொள்வதா என்று யோசியுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

#27 ஓய்வுபெற்ற_கத்தி

நல்ல சேதி அம்மிணி.

மெசலமைன்: 2014-ல ரெண்டு பெரிய சோதனை வந்துது, ரெண்டுலயும் மருந்தே இல்லாத போலி மாத்திரையை விட அது தாக்குதலைத் தடுக்கலை. எழுதிக் கொடுத்தவர்கிட்ட இதைச் சொல்லிக் கேளுங்க, வேற காரணம் இருந்தா சொல்வார்.

கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப் போடாதீங்க. சி.டி.யில அழற்சியும் புற்றும் சில சமயம் ஒரே மாதிரித் தெரியும், கட்டியோட வந்தவங்களுக்கு அதைப் பார்த்தே ஆகணும்.

ஆபரேஷன்: சீழ்க்கட்டி வந்து அடங்கினவங்களுக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு சாதாரணத் தாக்குதலை விட அதிகம், அதனால அமெரிக்க சர்ஜன் சங்கம் ஆபரேஷன் பத்திப் பேசிப் பார்க்கச் சொல்லுது. ஐரோப்பாவுல வலி தொடர்ந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ பார்த்துக்கலாம்னு விட்டுடறாங்க. நான்னா கொலோனோஸ்கோப்பி சுத்தமா வந்து, அம்மா தெம்பா நடமாடினா, சுகரை ஒழுங்கு பண்ணிக்கிட்டுச் சும்மா இருப்பேன். அடுத்த தடவை வந்தா அப்போ பேசலாம். உங்க சர்ஜன் வேற மாதிரி நினைச்சா அதுவும் தப்பில்லை.

#28 ரேடியாலஜி_மணி

ஒரு சின்ன விசயம். டிஸ்சார்ஜ் பேப்பரோட சி.டி. படங்களை டிஸ்க்லயோ பென் டிரைவ்லயோ கேட்டு வாங்கிடுங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. அடுத்த தடவை வேற ஊர்ல வலி வந்தா பழைய படத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும். பிலிமை ஜன்னல் வெளிச்சத்துல காட்டி போன்ல போட்டோ எடுத்து வாட்ஸாப்ல அனுப்பறாங்க, அதுல எங்க டாக்டருங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கல்ச்சர் ரிப்போர்ட்டையும் தனியா வெச்சுக்குங்க, எந்த மருந்து வேலை செய்யாதுன்னு அதுலதான் இருக்கு.

#29 ஸ்ரீரங்கத்துக்காரி

படம் வாங்கவில்லை. நாளைக் காலை மாமாவை அனுப்பி வாங்கிவரச் சொல்கிறேன். அவருக்கும் ஏதாவது வேலை கொடுத்தால்தான் கோபம் தணியும்.